புழலும் புலியூரும்: நாம் வாழும் கோட்டங்களின் நிலமும் வரலாறும்

முன்னுரை

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளன்று, வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னார் எங்கள் பேராசிரியர். ஒருவர் அம்பத்தூர் என்றார். மற்றொருவர் ஆவடி என்றார். இன்னொருவர் பூவிருந்தவல்லிக்குப் பக்கத்தில் என்றார். எல்லோரும் சொல்லி முடித்தபின் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, ‘உங்களில் யார் எந்த நாட்டான் என்று சொல்ல முடியுமா?’ எனக் கேட்டார். நாங்கள் ‘இந்திய நாடு’ என்றோம். ‘அது சரி, அந்த இந்திய நாட்டுக்குள்ளே, ஆயிரம் ஆண்டுக்கு முன் உங்கள் ஊர் எந்த நாட்டில் இருந்தது?’ என்றார். ஒருவராலும் விடை கூற இயலவில்லை.

அன்று நாங்கள் கூறாமல் விட்ட விடையைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை. சிந்துவெளியும் கிரேக்கமும் ரோமும் படிக்கும் நாம், நாள்தோறும் பேருந்தில் கடந்து வரும் மண்ணின் கதையை அறியாதிருத்தல் முறையாகாது. அன்றியும், அக்கதையை அறியாமையால் விளையும் துன்பம் ஏட்டுத் துன்பம் மட்டுமன்று. முழங்கால் அளவு நீராக அது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நாடு என்பதும் கோட்டம் என்பதும்

வடக்கே வேங்கடம் தொடங்கித் தெற்கே தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் வரை பரந்து கிடந்த நிலப்பகுதியை முன்னோர் தொண்டை மண்டலம் என வழங்கினர். இம்மண்டலம் 24 கோட்டங்களாகவும், அவை 79 நாடுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன என்பது நீண்ட காலமாக வழங்கிவரும் கணக்கு. சோழர் இதனைக் கைக்கொண்டபின் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயரிட்டனர். ஆட்சியாளர் பெயர் மாறிற்று. கோட்டங்களின் அமைப்பு மாறவில்லை.

இவற்றுள் நம் பகுதிக்கு உரியவை இரண்டு. ஒன்று புழல் கோட்டம். மற்றொன்று புலியூர்க் கோட்டம். அம்பத்தூர், திருமுல்லைவாயில் ஆகியவை புழல் கோட்டத்தைச் சேர்ந்தவை. மாங்காடு, குன்றத்தூர் ஆகியவை புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தவை. புலியூர்க் கோட்டத்துக்குக் குலோத்துங்க சோழ வளநாடு என்ற மறுபெயரும் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அம்பத்தூர் என்பது ஊர்ப் பெயராக மட்டுமன்றி அம்பத்தூர் நாடு என நாட்டின் பெயராகவும் வழங்கிற்று. அவ்வாறே மாங்காடு நாடு, குன்றத்தூர் நாடு என்பனவும். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் இக்குன்றத்தூரில் தோன்றியவர் என்பதை யாவரும் அறிவர்.

‘நாடு’ என்னும் இச்சிறு பிரிவு எதனைக் கொண்டு வகுக்கப்பட்டது? அரசர் கோடு கிழித்துப் பிரித்ததன்று. ஒரே நீரை உண்டு பயிர் செய்த ஊர்களின் கூட்டமே பெரும்பாலும் ஒரு நாடாக அமைந்தது. ஓர் ஏரியின் மறுகால் மற்றோர் ஏரியில் சென்று விழும். அவ்வேரியின் மறுகால் அடுத்ததில் விழும். நீரால் கட்டுண்ட இவ்வூர்கள் திருவிழாவிலும் வழக்கிலும் திருமண உறவிலும் கூடி வாழ்ந்தன.

இஃது உலகில் நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வடதுருவத்தை ஒட்டிய நார்வே நாட்டிலும் இதனை ஒத்த ஒன்றைக் காணலாம். அங்கே ஹாலிங்டால், குட்பிரான்ஸ்டால் என்றெல்லாம் பழைய நாட்டுப்புற வட்டாரங்கள் உள்ளன. ‘டால்’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு. இன்றைய அரசாங்க எல்லைகள் எப்படி மாறினாலும், அம்மக்கள் தம்மை இன்ன பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் என்றே கூறிக்கொள்வர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி உடை உண்டு. விழா நாளில் அணிந்திருக்கும் உடையைப் பார்த்தே ஒருவரது வட்டாரத்தைச் சொல்லிவிடலாம். மலைநாடாகிய அங்கே பள்ளத்தாக்கு வட்டாரத்தை உண்டாக்கியது. சமவெளியாகிய இங்கே அந்த வேலையைச் செய்தது ஏரி. அவர்கள் தம் வட்டாரத்தை மறக்கவில்லை; நாம் மறந்துவிட்டோம். வேறுபாடு அவ்வளவே.

நிலத்தின் இயல்பு

நம் பகுதியின் நிலத்தை அறிய ஒரு சிறு வழி உண்டு. மழை விட்டதும் தெருவில் ஓடும் நீர் எத்திசை நோக்கிச் செல்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கிழக்கு நோக்கியே செல்லும். மேற்கிலிருந்து கடலை நோக்கி மிக மெல்லச் சரியும் சமவெளி இது. கண்ணுக்குத் தெரியாத இச்சரிவைக் கண்டுணர்ந்ததே நம் முன்னோரின் பெரும் அறிவு எனலாம்.

வடக்கே கொசத்தலை ஆறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் இச்சரிவில் ஓடுகின்றன. இவற்றுள் ஒன்றுகூட ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அன்று. கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், அது கேசவரம் அணைக்கட்டில் கொசத்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வருவது என்பதையும், திருவேற்காட்டு வழியே வரும்போது அதன் கரையில் தேவாரப் பாடல் பெற்ற கோயில் ஒன்று நிற்கிறது என்பதையும் நினைப்பதில்லை. அடையாற்றின் பெருக்குக்கு முதன்மையான ஊற்றாக விளங்குவது செம்பரம்பாக்கம் ஏரி.

மழையும் நமக்கு ஆண்டு முழுதும் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையே பெரும்பகுதி. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் நீரைப் பல மாதங்களுக்குச் சேர்த்து வைக்கவேண்டும். ஆற்றை நம்பிப் பயன் இல்லை; ஆழமான பள்ளத்தாக்கும் இல்லை. ஆகவே சரிவுக்குக் குறுக்கே, பிறை வடிவில், மண்ணால் கரை எழுப்பினர். இதுவே ஏரி.

செங்கல்பட்டுச் சீமையில் இத்தகைய ஏரிகள் மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றின் அமைப்பைச் சற்று விளக்குவது நன்று. ஏரிக்குக் கிழக்கிலும் இரு பக்கங்களிலும் கரை உண்டு. மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும். அவ்வழியே மேட்டு நிலத்து மழைநீர் உள்ளே வரும். கரையின் அடியில் மதகு இருக்கும். அதனைத் திறந்தால் நீர் கால்வாய் வழியே கழனிக்குப் பாயும். கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய கலங்கல் இருக்கும். ஏரி நிறைந்தால் மிகைநீர் அதன்மேல் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அயப்பாக்கம் ஏரி நிறைந்தால் அம்பத்தூர் ஏரிக்கு. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு. அங்கிருந்து மாதவரம் பக்கம் என ஒரு சங்கிலி. இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால், மழைக்காலத்தில் கீழ் ஊர் மூழ்கும். கோடையில் அதே ஊர் காயும்.

நீரைப் பங்கிடும் பணிக்கு ‘நீர்க்கட்டி’ என்பவர் ஊர்தோறும் இருந்தார். எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கையில் இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் நெல் பயிரிடுவது இச்சீமையின் வழக்கம். ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்தே எத்தனை பட்டம் வைப்பது என ஊரார் முடிவு செய்வர்.

ஊர்ப்பெயர் கூறும் செய்தி

ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் நிலநூல் பாடம் ஒன்றைக் கற்கலாம். ‘தாங்கல்’ என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கல் என்பதில் அச்சொல் நிற்கிறது. செம்பரம்பாக்கம், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பட்டரவாக்கம் என வரும் ‘பாக்கம்’ குடியிருப்பைக் குறிக்கும். திருவேற்காடு, மாங்காடு, சேக்காடு என்பன ஒருகால் இங்கிருந்த காடுகளை நினைவூட்டுவன. வேலமரக் காடும் மாமரக் காடும் இன்று பெயரில் மட்டும் தளிர்க்கின்றன.

பூவிருந்தவல்லிப் பெருவழியில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என வரிசையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். மேற்கே காஞ்சி, ஆர்க்காடு நோக்கிச் சென்ற வண்டிகளும் நடையரும் இளைப்பாறிய இடங்கள் இவை. இன்று நாம் பேருந்துக்காகக் காத்திருக்கும் இடங்களில் அன்று அவர்கள் பொழுது விடிவதற்காகக் காத்திருந்தனர்.

பெயருக்குப் பொருள் கூறுவதில் எச்சரிக்கையும் வேண்டும். ஆவடி என்பது ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்றும், கவச வண்டித் தொழிற்சாலையால் வந்த பெயர் என்றும் நண்பர் பலர் உறுதியாகக் கூறக் கேட்டிருக்கிறேன். கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியில் அமைக்கப்பட்டது 1961-ஆம் ஆண்டு. அதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 1955 சனவரியில், ஆவடியில் காங்கிரசு மாநாடு நடைபெற்றது. தேபர் தலைமையில் கூடிய அம்மாநாட்டில் சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பது பற்றிய தீர்மானம் நிறைவேறி, ‘ஆவடித் தீர்மானம்’ எனப் பெயர் பெற்றது. பிள்ளை பிறக்கும் முன்பே பிள்ளையால் பெயர் வந்தது என்பது எப்படிப் பொருந்தும்?

பழமையும் சமயமும்

நம் பகுதியின் தொன்மை கோயில்களோடு தொடங்குவதன்று. 1863-ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொசத்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அவ்விடத்தில் அண்மைக் காலத்தில் சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் அகழ்ந்து ஆராய்ந்து, அங்கே கற்கருவி செய்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர் என 2011-இல் வெளியிட்டனர். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள இவ்விடத்தின் பெயர் உலக ஆராய்ச்சி ஏடுகளில் எல்லாம் இடம்பெற்றுள்ளது. நம்முள் எத்தனை பேர் சென்று கண்டிருப்போம்?

புழலில் குறும்பர் கோட்டை கட்டி ஆண்டனர் என்றும், தொண்டைமான் படையெடுத்து அவர்களை வென்றான் என்றும் ஒரு பழங்கதை வழங்குகிறது. திருமுல்லைவாயில் தலபுராணமும் இதனோடு தொடர்புடையது. போருக்குச் சென்ற தொண்டைமானின் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். அவன் வாளால் கொடியை வெட்ட, அடியிலிருந்த சிவலிங்கம் வெட்டுண்டதாம். இன்றும் அங்குள்ள மாசிலாமணி ஈசுவரர் சந்தனக் காப்பிலேயே காட்சி தருகிறார். கருவறைக்கு முன்னுள்ள இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பர். நந்தியும் இறைவனை நோக்காமல் வெளியே நோக்கியிருக்கும். இவற்றை வரலாறு என அப்படியே கொள்வதற்கில்லை. ஆயினும், காடும் கோட்டையும் உழவும் ஒன்றோடொன்று மோதிய ஒரு காலத்தின் நினைவு இக்கதையில் உறைந்து கிடக்கிறது எனலாம்.

கல்வெட்டுச் சான்று இதனினும் உறுதியானது. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமான செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் இக்கோயிலுக்கு நிலம் அளித்துள்ளார். காவிரிக் கரையில் கற்றளிகள் எழுப்பிய அப்பெருமாட்டியின் அறம் புழல் கோட்டம் வரை நீண்டிருக்கிறது.

சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில், சம்பந்தர் பாடிய திருவேற்காடு, திருவலிதாயம் எனும் பாடி, மூர்க்க நாயனார் பிறந்த வேற்காடு, மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் வாழ்ந்த திருநின்றவூர், திருமழிசை ஆழ்வார் தோன்றிய திருமழிசை என இச்சிறு வட்டாரத்துள் அடியார் பலரின் ஊர்கள் அடங்கியுள்ளன. இராமானுசரால் பெரிதும் மதிக்கப்பட்ட திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் பிறந்தவர். நந்தவனத்தில் பூப்பறித்து, காஞ்சிப் பேரருளாளனுக்கு அதனைச் சுமந்து நடந்தே சென்றார் என்பது மரபு. அந்தணர் அல்லாத அவரை ஆசானாகப் போற்ற இராமானுசர் தயங்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது. அதே பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில் எழுந்த பழைய பள்ளிவாசலும் உள்ளது.

சென்னையும் பூவிருந்தவல்லியும்

சென்னையின் புறநகர் பூவிருந்தவல்லி என்று இன்று கூறுகிறோம். ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1639-ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குச் சென்னைப்பட்டினம் அமைய இடம் அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் சார்பில் கடற்கரைப் பகுதியைக் கவனித்து வந்த தம்பி ஐயப்ப நாயக்கர் தங்கியிருந்த இடம் பூவிருந்தவல்லி. அங்கிருந்தவர்களின் இசைவால் ஒரு மணல்மேட்டில் பிறந்த ஊரே சென்னை. தாய் வீடு புறநகர் ஆயிற்று. மணல்மேடு மாநகர் ஆயிற்று.

1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். கைக்கு வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய கம்பெனியார், தாமசு பார்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரம் அதில் உண்டு. எத்தனை வீடுகள், எத்தொழில் செய்வோர், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு என எல்லாம் எழுதினர். பிற்காலத்தில் அறிஞர் தரம்பாலும் அவர்வழி வந்த ஆய்வாளர்களும் அக்கணக்குகளை ஆராய்ந்து உலகறியச் செய்தனர்.

அக்கணக்கில் வியப்பூட்டும் பகுதி ஒன்றுண்டு. களத்தில் நெல் குவிந்ததும், அரசின் பங்கையும் உழவனின் பங்கையும் பிரிக்கும் முன்பே, பொதுவில் சில பங்குகள் எடுத்துவைக்கப்பட்டன. கோயிலுக்கு ஒரு பங்கு. கணக்கனுக்கு ஒரு பங்கு. தச்சன், கொல்லன், நாவிதர், வண்ணார், வெட்டியார் ஆகியோருக்குத் தனித்தனிப் பங்கு. ஏரிக்கும் ஒரு பங்கு. ஏரியையும் ஊரில் உள்ள ஓர் ஆளாக எண்ணி, அதற்கும் நெல் அளந்தனர். அந்நெல்லைக் கொண்டே ஆண்டுதோறும் தூர் வாருவதும் கரை உயர்த்துவதும் நடந்தன. அக்காலம் பொற்காலம் என்று நான் கூறவரவில்லை. அதே களத்தில் உழைத்தோர் பலருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லை. சாதியின் கொடுமையும் இருந்தது. ஆயினும் ஏரிக்குச் சோறிட்ட பின்னரே தாம் உண்ட ஓர் ஒழுங்கு இருந்தது என்பதை மறுக்க இயலாது.

கணக்கெடுத்து முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1780-இல், ஐதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை சூறையாடப்பட்டது. ஊர்கள் பாழாயின, மக்கள் சிதறினர். ஆங்கில ஆட்சி நிலைபெற்றதும் எல்லா வருவாயும் கஜானாவுக்குச் சென்றது. ஏரியின் பங்கு எழுதும் ஏடு மூடப்பட்டது. ஏரி ஊராரின் பிள்ளையாக இருந்த நிலை மாறி, சர்க்காரின் சொத்தாயிற்று.

இரயில் வந்ததும் ஆலை வந்ததும்

செங்குன்றத்தின் சிவந்த கல்லைச் சென்னைச் சாலைகளுக்குக் கொண்டு செல்ல 1837-ஆம் ஆண்டளவில் ஓர் இருப்புப்பாதை ஓடிற்று. இந்தியாவின் முதல் இருப்புப்பாதைகளுள் ஒன்றாக இதனைக் கூறுவர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியபோது, அது நம் ஆவடி, திருவள்ளூர் வழியாகவே சென்றது. 1872-இல் புழல் ஏரியின் நீர் சென்னையின் குடிநீராயிற்று. இவ்வாறு நகரம் நம் கல்லையும் நீரையும் முதலில் கொண்டது. பிறகு நிலத்தையும் கொண்டது.

விடுதலைக்குப் பின் மாற்றம் விரைந்தது. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1965-இல் ஆவடியிலிருந்து முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. இதனை வெறும் இழப்பாக எண்ணுதல் தவறு. கழனியில் பிறர்க்கு உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைக்குச் சென்று மாதச் சம்பளம் கண்டனர். நம்முள் பலர் இன்று கல்லூரிக்கு வந்திருப்பதற்கு அச்சம்பளமே காரணம். என் தந்தையாரும் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை செய்து என்னைப் படிக்க வைப்பவர்தாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்பத்தூரில் 4,66,205 பேரும், ஆவடியில் 3,45,996 பேரும், பூவிருந்தவல்லியில் 57,224 பேரும் வாழ்ந்தனர். அதே ஆண்டில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடியே ஒரு மாநகராட்சியாயிற்று. 1997-இல் பிறந்த திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு எத்தனை முறை மாறினாலும், நீர் மட்டும் பழைய கோட்டத்தின் கோட்டையே பின்பற்றுகிறது.

நீர் மறக்கவில்லை

2015 திசம்பர் முதல் நாள் இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றுக் கரை மூழ்கியதும் யாவரும் அறிந்தவை. அந்த நாட்களில் எங்கள் தெருவிலும் நீர் புகுந்தது. எங்கள் தெருவுக்குப் புதிய நகர் ஒன்றின் பெயர். அப்போது நான் பள்ளிச் சிறுவன். கட்டிலின்மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, அதன் அருகில் நானும் என் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆயா மட்டும் பதறவில்லை. ‘தண்ணி தப்பா வரலடா கண்ணு. இது கழனி. அது எடத்துக்குத்தான் அது வந்திருக்கு’ என்றார். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியதாகவும், அதில் தாம் சிறுமியாக இருந்தபோது கெண்டை பிடித்ததாகவும் கூறினார். மனையை விற்றவர் கொடுத்த வரைபடத்தில் கால்வாய் இல்லை. ஆயாவின் நினைவில் இருந்தது. நீரின் நினைவிலும் இருந்தது.

நான்கு ஆண்டுகள்கூடக் கழியவில்லை. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கமும் புழலும் வற்றி வெடித்துக் கிடந்தன. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியின் நடுவில் மாடுகள் மேய்ந்தன. அதே தெருவில், அதே கட்டிலின் அடியில், காலிக் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம். மூழ்கியவர்களும் நாமே, தவித்தவர்களும் நாமே.

இவ்விரண்டு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே. மிகைநீர் செல்லும் கால்வாய் அடைபட்டால் மழைக்கு ஊர் மூழ்கும். நீர் வரும் கால்வாய் அடைபட்டால் கோடைக்கு ஏரி காயும். ஏரி இருக்கிறது, அதனை மற்ற ஏரிகளோடு பிணைத்த சங்கிலி அறுந்துவிட்டது. ஆயாவுக்குத் தெரிந்த இச்செய்தியை அறிய எனக்குப் பட்டப் படிப்பு வரை ஆயிற்று.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அவ்வூர் மக்களே பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினர். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019 முதல் மாலை வேளைகளில் மக்கள் உலவும் இடமாகியுள்ளது. நீர்க்கோழிகளும் திரும்பி வந்துள்ளன.

முடிவுரை

மாணவ நண்பர்களே! வரலாறு என்பது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வருவாய்க் கிராமத்தின் வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் ஒருமுறை பாருங்கள். அதில் ஏரி, கால்வாய், களம், மேய்ச்சல் எனப் புறம்போக்கு நிலங்கள் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணுள்ள இடத்தில் இன்று என்ன நிற்கிறது என நேரில் சென்று காணுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, வயது முதிர்ந்தவர் ஒருவரிடம் மதகுகளின் பெயரைக் கேளுங்கள்; நீர்க்கட்டியாக இருந்தவர் யார் எனக் கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். அவர் மறைந்தால் அவரோடு ஒரு கால்வாயும் மறையும். இவ்வாறு ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினால், மூன்றே ஆண்டுகளில் நம் கல்லூரி நூலகத்தில் இரண்டு கோட்டங்களின் கணக்கும் சேர்ந்துவிடும். பார்னார்டு துரை ஏழாண்டு செய்த பணியை நாம் மூன்றாண்டில் செய்யலாம். அவர் வரிக்காகச் செய்தார், நாம் வாழ்வுக்காகச் செய்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டவேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் நம் பேராசிரியர் அதே கேள்வியை மீண்டும் கேட்பார். அப்போது ஒருவராவது எழுந்து, ‘ஐயா, என் ஊர் அம்பத்தூர், புழல் கோட்டத்து அம்பத்தூர் நாடு, எங்கள் ஏரியின் மறுகால் கொரட்டூருக்குப் போகிறது’ என்று கூறுவாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.